சொந்த வீடு இருந்த ஊரில் வாடகை வீடு தேடியது

திருகோணமலை நகரத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. லிங்கநகரில், வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில், மதிலும் கேற்றும் போட்ட வீடு. காணி உறுதிப் பத்திரம் என் பெயரில்தான். அந்த வீடு அங்கே நின்றுகொண்டிருக்க, அதே நகரத்தில் வாடகைக்கு ஓர் இடம் கேட்டு நான் வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். இதைச் சொன்னால் என்னோடு கொழும்பில் படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

காரணம், அது சீதன வீடு. எங்கள் பக்கத்தில் மகள் பிறந்தால் வீடு கட்டவேண்டும். தமிழர், முஸ்லிம்கள் என்ற வித்தியாசம் இதில் இல்லை. மகன் இன்னொரு வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவான். மகள் தனக்குக் கட்டிய வீட்டில் புருசனோடு குடியிருப்பாள். என் அப்பா தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர். உத்தியோக மாப்பிள்ளை வேண்டுமென்றால் நகரத்தில் வீடு வேண்டும் என்று யாரோ சொல்ல, லிங்கநகரில் காணி வாங்கினார். அத்திவாரம் வெட்டியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கூரை ஏறியபோது வேலைக்குப் போய்விட்டேன். நிலத்துக்கு மாபிள் பதித்ததும் யன்னல்களுக்குக் கம்பி போட்டதும் என் சம்பளத்தில்தான்.

வீடு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளைதான் வந்து சேரவில்லை. பார்க்க வந்த ஒருவர் அறைகளையெல்லாம் சுற்றிப் பார்த்து, மேலே மாடி எழுப்பலாமா என்று அப்பாவிடம் விசாரித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரை நான் வேண்டாமென்றேன். அதற்குப் பிறகு என் வயதைக் கேட்டவர்கள் தாங்களாகவே வேண்டாமென்றார்கள். பூட்டிக் கிடந்தால் வீடு பழுதாகிவிடும் என்று அம்மா அதை வாடகைக்குக் கொடுத்தார். யாருக்கு? பாங்கில் வேலை செய்யும் ஒரு மனிதருக்கு. கலியாணம் கட்டாதவர், தனி ஆள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை துறைமுகத்தை அண்டிய ஒரு தனியார் ஆய்வுகூடத்தில். தானியக் கப்பல் வந்தால் மாதிரி எடுக்கவேண்டும். ஈரம் எவ்வளவு, வண்டு இருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுக்கவேண்டும். அறிக்கை போகும்வரை சரக்கை இறக்க மாட்டார்கள். தம்பலகாமத்திலிருந்து நகரத்துக்கு வருவது பெரிய பயணமில்லை. ஆனால் கப்பல் பஸ் நேரம் பார்த்து வருவதில்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நான் நின்ற நாட்களில் அப்பாதான் மோட்டார்சைக்கிளில் வந்து ஏற்றினார். கண்டி வீதியில் யானை ஏறி நிற்கும். அப்பாவுக்கோ கண்ணில் புகைச்சல் தொடங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் இருந்து, முன்னால் தெரியும் கறுப்பு யானையா மரமா என்று நான்தான் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருவேன்.

இப்படி இருக்கையில்தான் ஷிப்ட் பொறுப்பாளர் பதவி காலியானது. அது எனக்கு வரவேண்டிய பதவி. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "நீங்கள் டவுனுக்குள்ள வந்து இருந்தால் இது உங்களுக்குத்தான். கப்பல் வரேக்க யானையைச் சொல்லிக்கொண்டு நிக்க ஏலாது. மாசக் கடைசிக்குள்ள ஒரு இடம் எடுங்கோ. இல்லாட்டி நான் மற்ற ஆளைப் போட வேண்டிவரும்." மற்ற ஆள் எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து, என்னிடமே வேலை பழகியவர். என் வேலை என் கையை விட்டுப் போவதா, இல்லையா என்பது ஒரு வீட்டைத் திறக்கும் திறப்பில் வந்து நின்றது.

அன்றைக்கே அம்மாவிடம் கேட்டேன்.

"அந்த வீட்டில பாங்க்குத் தம்பி இருக்கிறாரெல்லே," என்றார் அம்மா. "நல்ல பொடியன். அவரை எழும்பச் சொல்லி எந்த வாயால கேட்கிறது?"

"அப்ப நான் எங்க போறது?"

"ஏன், உன்னை ஆர் போகச் சொன்னது? வேலையெண்டால் இஞ்ச பள்ளிக்கூடத்தில இல்லையோ?"

குடியிருப்பவரை எழுப்புவது நியாயமில்லைத்தான். அதை ஒப்புக்கொண்டு, வாடகைக்கு இடம் தேடத் தொடங்கினேன். எனக்குத் தேவைப்பட்டது அதிகமில்லை. துறைமுகத்துக்கு ஸ்கூட்டரில் போய்வரும் தூரம், காலையில் தண்ணீர் வரும் பைப், உள்ளே பூட்டக்கூடிய கதவு. நான் சுற்றுவட்டாரத்தைத் தெரிவு செய்யப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். சுற்றுவட்டாரங்கள்தான் என்னைத் தெரிவு செய்யும், அல்லது தெரிவு செய்யாமல் விடும் என்பது பிறகுதான் விளங்கியது.

முதலில் உவர்மலை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் மனைவி, வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு விட வைத்திருந்தார். வெளியால் தனிப் படி. யன்னலைத் திறந்தால் துறைமுகத் தண்ணீரும் நங்கூரம் போட்ட கப்பல்களும் தெரிந்தன. எந்தக் கப்பல் வந்து நிற்கிறது என்று கட்டிலில் இருந்தே பார்க்கலாமே என்று எனக்கு மனம் துள்ளியது. அந்த அம்மாவுக்கும் என்னைப் பிடித்துவிட்டது. கதிரை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி வந்தது.

"மிஸ்டர் எங்க வேலை செய்யிறார்?" என்று கேட்டார்.

"நான் இன்னும் கட்டேல்லை."

"அப்ப தனியவோ?" என்றார். சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. "அம்மா வந்து நிப்பாவோ?"

"அம்மாவுக்கு ஏலாது. ஊரில மாடு இருக்கு, வயல் இருக்கு."

"அப்ப கோவிக்காதேங்கோ பிள்ளை. எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அயலட்டை ஒரு மாதிரிக் கதைக்கும்."

அயலட்டைக்கு நான் என்ன செய்தேன்? எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை, அயலட்டைக்குத்தான் பிரச்சினை. அடுத்த வீட்டைக் கேட்டால் அவர்களும் அடுத்த வீட்டைத்தான் காட்டுகிறார்கள். இந்த ஊரில் என்னை வேண்டாமென்ற அந்த அயலட்டையை நான் கடைசிவரை கண்ணால் காணவில்லை. பாதி குடித்த தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

அடுத்தது உப்புவெளி. கடற்கரைப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்கு அறைகள் விடுகிறவர் ஒருவர், மாத வாடகைக்கும் தருவார் என்று கேள்விப்பட்டேன். நான் போய் நின்ற நேரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் முதுகில் பெரிய பையோடு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். அவர் அறைத் திறப்பை எடுத்து அவளிடம் நீட்டினார், சிரித்தார், பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். திரும்பி வந்து என்னிடம் அடையாள அட்டை கேட்டார், அப்பாவின் தொலைபேசி எண் கேட்டார். "ஏன், வீட்டில சொல்லாமல் வந்தனீங்களோ?" என்றும் கேட்டார்.

"அவவிட்ட ஒண்டும் கேட்கேல்லையே?" என்றேன்.

"அவ ரூறிஸ்ற் எல்லே."

பிறந்த மாவட்டத்தில் ஒரு கட்டில் போட நான் அப்பனின் எண் கொடுக்கவேண்டும். ஆயிரம் மைல் தாண்டி வந்தவளுக்கு ஒன்றும் வேண்டாம். அந்தப் பெண்ணில் எனக்குக் கோபமில்லை. அவளைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது. அந்த மனிதருக்குத்தான் சுடச்சுட நாலு வார்த்தை கொடுத்துவிட்டு வந்தேன். இடம் கிடைக்கவில்லை. ஆனால் அன்றிரவு நன்றாக நித்திரை வந்தது.

ஜமாலியாவில் மட்டும் எனக்குக் கோபிக்க முடியவில்லை. அங்கே ஒரு முஸ்லிம் அம்மா, தன் வளவுக்குள்ளேயே கட்டிய புது வீட்டைத் திறந்து காட்டினார். யன்னல் கண்ணாடிகளில் கடையில் ஒட்டிய கடதாசி கூட இன்னும் உரிபடவில்லை. குசினியில் அடுப்பு வைக்காத புது மேடை. இளைய மகளுக்குக் கட்டியது; மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். வாடகை வந்தால் மதிலைக் கட்டி முடிக்கலாம் என்று நினைத்து, ஆள் பார்க்கச் சொல்லித் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தாராம். என்னைப் பார்த்ததும் தயங்கினார்.

"உங்களுக்கு இல்லண்டு சொல்ல எனக்கு மனசு கேக்குதில்ல மகள்," என்றார் என் கையைப் பிடித்துக்கொண்டு. "ஆனா மகளுக்குக் கட்டின ஊட்டுல முதல்முதல்ல கலியாணம் முடிக்காத ஒரு குமர் தனிய வந்து இருந்தா, சம்பந்தம் பேச வாறவங்க என்ன நினைப்பாங்க? உங்கட உம்மாவும் இப்படித்தானே சொல்லுவாங்க?"

ஓம், என் அம்மாவும் இதையேதான் சொல்லுவார். திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரை மெல்ல ஓட்டிக்கொண்டு வீடுகளைப் பார்த்தேன். பூட்டிய வீடுகள். சில வீடுகளின் சொந்தக்காரிகள் கனடாவில், சிலர் இன்னும் பள்ளிக்கூடத்தில், சிலர் என்னைப் போல அம்மாவின் வீட்டில் வயது போக இருக்கிறார்கள். எல்லா வீடும் ஒரு மாப்பிள்ளைக்காக வாய் பார்த்துக்கொண்டு நிற்கிறது. குடியிருக்க ஆளில்லாத வீடுகளும் குடியிருக்க வீடில்லாத நானும் ஒரே ஊரில். எனக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. வேலையிடத்தில் ஒருவர் ஒரு தரகரின் எண்ணைத் தந்தார். ஓட்டோ ஓட்டிக்கொண்டே வீடு பிடித்துக் கொடுக்கிறவர். நடுத்தர வயது, வாய் ஓயாத மனிதர். கதைத்தவுடனேயே சொன்னார்: "தங்கச்சி, தனிய எண்டு சொல்லிப்போட்டியள், அது கொஞ்சம் கரைச்சல்தான். ஆனா ஒரு வீடு சும்மா கிடக்கு. முந்தி இருந்த ஆள் மாற்றம் கிடைச்சுப் போட்டார். வீட்டுக்கார அம்மாவோட கதைச்சுப் பார்ப்பம். ஏறுங்கோ."

ஓட்டோ சந்தையைத் தாண்டி லிங்கநகர்ப் பக்கம் திரும்பியபோது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அந்த ஒழுங்கைக்குள் திரும்பியதும் இருக்கையின் நுனிக்கு வந்தேன். ஓட்டோ போய் என் வீட்டு கேற்றுக்கு முன்னால் நின்றது.

தரகர் சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து விரலில் சுழற்றினார். "நல்ல வீடு. மாபிளெல்லாம் போட்டிருக்கு, பாருங்கோ. தம்பலகாமத்து ஆக்கள். மகளுக்குக் கட்டினது. மகள் இன்னும் கட்டேல்லை."

"முந்தி இருந்தவர் எப்ப போனவர்?"

"பாங்க்குத் தம்பியோ? அவர் போய் ரெண்டு கிழமைக்கு மேல. திறப்பை என்னட்டத்தான் தந்துவிட்டவர்."

இரண்டு கிழமை. நான் உப்புவெளியில் அப்பாவின் எண்ணைச் சொல்லிக்கொண்டு நின்ற நேரம் இந்த வீடு வெறுமையாகக் கிடந்திருக்கிறது. ஒவ்வொரு மாலையும் அம்மா என்னிடம், "என்ன, இடம் ஏதும் சரிவந்ததோ?" என்று கேட்டுக்கொண்டு சோறு போட்டிருக்கிறார். இது என் வீடு என்று தரகரிடம் சொல்லப் போனேன். தரகர் அதற்குள் அம்மாவுக்கு அழைப்பு எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

"அம்மா, லிங்கநகர் வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வந்திருக்கினம். ஹார்பர் பக்கம் நல்ல வேலை."

"குடும்பமோ தம்பி?" என் அம்மாவின் குரல்.

"இல்லையம்மா, ஒரு ஆள்தான்."

"பொடியனோ? பொடியனெண்டால் பரவாயில்லை."

"இல்லை, பொம்பிளைப்பிள்ளை. தனிய."

"ஐயோ வேண்டாம் தம்பி. அது எங்கட பிள்ளைக்குக் கட்டின வீடு. ஆரெண்டு தெரியாத ஒரு குமரைக் கொண்டுவந்து விட்டு, நாளைக்கு ஒண்டெண்டால் வீட்டுக்கெல்லே கெட்ட பேர்?"

"ஆரெண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும் அம்மா," என்றேன். "நான்தான்."

தொலைபேசியில் எங்கள் வீட்டு மாடு ஒருமுறை கத்தியது கேட்டது.

"நீ அங்க என்ன செய்யிறாய்?"

"என்ர வீட்டு வாசலில நிக்கிறன்."

தரகர் என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தார். "இது உங்கட வீடோ? அப்ப என்னத்துக்குத் தங்கச்சி என்னை அலைய விட்டனீங்கள்?" என்று அவரும் கோபித்தார். அவருடைய கோபத்திலும் நியாயம் இருந்தது. திறப்பைத் தரச்சொல்லிக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. "அம்மா ஓமெண்டு சொல்லட்டும்," என்றார். உறுதி என் பெயரில், மாபிள் என் காசில், என் வீட்டுக் கதவைத் திறக்க ஒரு தரகர் என் அம்மாவிடம் அனுமதி கேட்கிறார். அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தவேண்டும் போல் இருந்தது.

"இன்னும் பால் காய்ச்சேல்லை பிள்ளை," என்று அம்மா கெஞ்சத் தொடங்கினார். "நீயும் மாப்பிள்ளையுமாப் போய்க் காய்ச்ச வேணுமெண்டு வச்சிருக்கிறன். நீ தனியப் போய் அடுப்பு மூட்டினால் எல்லாம் பிழைச்சுப்போகும்."

"அந்தப் பாங்க்குக்காரன் பால் காய்ச்சாமலோ இவ்வளவு காலமும் அதுக்குள்ள தேத்தண்ணி குடிச்சவன்?"

"அவன் ஆம்பிளை."

"வீடு ஆரின்ர பேரில?"

அங்கே தொலைபேசி கை மாறியது. அப்பா அதிகம் கதைக்கிறவர் இல்லை. "திறப்பைக் குடுங்கோ தம்பி," என்று தரகரிடம் சொன்னார். "எனக்கு இனி இரவில அந்த றோட்டில ஓட ஏலாது."

மாதம் முடிய முன்பே குடிவந்தேன். ஷிப்ட் பொறுப்பும் என் பெயருக்கு வந்தது. அம்மா குடிபுகும் நாளுக்கு வரவில்லை. தொலைபேசியில் அப்பாவோடுதான் கதைத்தேன். வீட்டுக்குள் பாங்க்குத் தம்பியின் அடையாளங்கள் நிறைய இருந்தன. நான் உழைத்துப் பதித்த மாபிளில் எண்ணெய்க் கறை. சுவரெல்லாம் ஆணி. குசினிக் கூரை புகை பிடித்துக் கறுத்திருந்தது. மூலையில் ஒரு குவியல் வெறும் சாராயப் போத்தல்கள். அவற்றை நான் வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா மதிலோரம் வந்தார்.

"முந்தி இருந்த தம்பி தங்கமான பொடியன்," என்றார். "தனிய, பாவமெல்லே. ஒவ்வொரு நாளும் கறி குடுத்து விடுறனான்." பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "மிஸ்டர் பிந்தி வருவாரோ?"

"மிஸ்டர் இல்லை அக்கா. நான் தனிய."

அவர் என் கையிலிருந்த போத்தல்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். தனியாக இருந்த ஆணுக்கு இந்த மதிலுக்கு மேலால் கறி வந்தது. எனக்கு எட்டிப் பார்க்கும் கண்தான் வந்தது. நான் உள்ளே போய்க் கறையைத் தேய்த்தேன். தேய்த்ததில் பாதிதான் போனது.

சில கிழமைகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸில் தனியாக வந்து, ஓட்டோ பிடித்து இறங்கினார். சண்டைக்குத் தயாராகிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. ஒவ்வொரு அறையாகப் போனார். கட்டிலில் கையை வைத்துப் பார்த்தார். குசினியில் நான் காலையில் வைத்த மீன்குழம்பின் மூடியைத் திறந்து பார்த்தார். அலுமாரியையும் திறந்தார். வேலைக்குப் போடும் உடுப்புகள் கழுவி மடித்து அடுக்கியிருந்தன. பின் வளவில் நான் கொத்திப் போட்ட கத்தரிப் பாத்திக்கு முன்னால் கனநேரம் நின்றார். எங்கேயாவது ஒரு குறை கிடைக்கும் என்று தேடுகிறார் என்பது எனக்கு விளங்கியது. தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு விறாந்தைக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

"இரவில பயமில்லையோ?"

"இல்லை."

"தனிய இருந்து சாப்பிட மனம் வருதோ? தொண்டைக்குள்ள இறங்குதோ?"

"இறங்குது அம்மா. எனக்குப் பிடிச்ச நேரம் பிடிச்சதைச் சமைக்கிறன்."

அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். அப்பாவைக் கட்டும்வரை தாய் வீட்டில், கட்டிய நாளிலிருந்து அப்பாவோடு. அம்மா தன் வாழ்க்கையில் ஒரு நாள்கூட ஒரு வீட்டில் தனியாக இருந்ததில்லை. ஊர் கதைப்பதைப் பற்றி இனித் தொடங்குவார் என்று காத்திருந்தேன். அதற்கு வைத்திருந்த பதில்களெல்லாம் என் நாக்கு நுனியில் நின்றன.

"சனம் என்னவும் கதைக்கட்டும். எனக்கு அதுக்குப் பயமில்லை," என்றார் அம்மா என் முகத்தைப் பார்க்காமல். "நீ இப்பிடித் தனிய இருந்து நல்லா இருந்துபோட்டாயெண்டால், பிறகு எதைச் சொல்லி உன்னைக் கட்டச் சொல்லுறது?"

சண்டைக்கு அடுக்கி வைத்திருந்த எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. யார் மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை. என் தோல்விக்காகக் காத்திருந்த ஒரே ஆள், என்னில் உயிராக இருக்கிற ஆள்.

"ஓம் அம்மா," என்றேன். "நல்லாத்தான் இருக்கிறன்."

அம்மா தலையாட்டினார். பிறகு தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். நான் எழும்பிப் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தபடியே இருந்தேன்.